டரன்டுலா தொட்டி அலங்காரம்: மண்டையோட்டுச் சாயம் விஷமாகுமா?

ஹாரோ_ரெட்நீ | ஞாயிறு, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மெக்சிகன் ரெட்நீ டரன்டுலா, அதாவது உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய சிலந்தி, வாங்கினேன். பெண் என்றுதான் விற்றவர் சொன்னார். காலை விரித்து நின்றால் முன்கால் நுனியிலிருந்து பின்கால் நுனிவரை 12 செ.மீ. இருக்கும். வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே இன்னும் கிடக்கிறது, பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால் நீளம் அகலம் உயரம் மூன்றும் 45 செ.மீ. உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பழசாக வாங்கிவிட்டேன். மேலே கம்பிவலை மூடி.

இரண்டு வார இறுதியைச் செலவழித்து அலங்காரமும் முடித்தாயிற்று. ஸ்லேட் கற்களை அடுக்கி ஒரு குகை, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ரெசின் மண்டையோடு, இரண்டு பிளாஸ்டிக் கள்ளி, மூலைக்கு மூலை ஒரு பெரிய மரக்கிளை, அதில் சுற்றிய துணி இலைக்கொடி, அப்புறம் வெள்ளெலிக்கு என்று விற்கிறார்களே அந்தக் கயிற்றுப் பாலம். அடியில் 5 செ.மீ. தேங்காய் நார்த்தூள். படம் ஏற மாட்டேன் என்கிறது, கற்பனை செய்துகொள்ளுங்கள். நல்ல வடிவாக வந்திருக்கிறது. மனைவி வந்து பார்த்துவிட்டு "இது சிலந்திக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கேள்வி ஒன்றுதான். மண்டையோட்டில் பூசிய சாயம் சிலந்திக்கு விஷமாகுமா? மற்றதெல்லாம் சரி என்று நினைக்கிறேன்.

சிரட்டை | ஞாயிறு, இரவு 10:55

உங்கள் மனைவி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

தம்பி, சாயத்தை அப்புறம் பார்ப்போம், அது இந்தத் தொட்டியில் கடைசிக் கவலை. முதலில் ஒரு கழித்தல் கணக்கு. தொட்டி உயரம் 45, மண் 5, மிச்சம் 40 செ.மீ. வெற்றிடம். ரெட்நீ மரத்தில் வாழும் சிலந்தி இல்லை, தரையில் வளை தோண்டி வாழ்வது. ஆனால் புது இடத்தில் விட்டால் இரவெல்லாம் கண்ணாடியில் ஏறும். ஏறி, மூடிவரை போய், கால் நழுவி விழும். கீழே உங்கள் ஸ்லேட் குகை. கனமான வயிறு, மெல்லிய தோல், கூரான கல். மிச்சத்தை நான் எழுதவில்லை.

தரைச் சிலந்தி வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடிவரை உள்ள தூரம் காலகலத்தின் (விரித்த கால்களின் நுனிக்கு நுனி அளவு) ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. உங்களுடையது 12 என்றால் 18. நீங்கள் வைத்திருப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

வயிறு கிழிந்தால் ஏன் பிழைப்பது கடினம் என்றால், சிலந்திக்குக் காலை மடக்கத்தான் தசை, முக்கியமான மூட்டுகளை நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம். திரவம் ஒழுகினால் நடக்கவே முடியாது, காலெல்லாம் உள்ளே சுருண்டுவிடும். ஒரு கால் போனால்கூடப் பரவாயில்லை, சட்டை உரிக்க உரிக்க மறுபடி முளைத்துவிடும். வயிறு அப்படி இல்லை.

கயிற்றுப் பாலத்தை எடுத்து வெள்ளெலி வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | ஞாயிறு, இரவு 11:30

சிரட்டை அண்ணா எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது.

என்னுடைய முதல் சிலந்தி ஒரு சிலி ரோஸ். தொட்டி 30 செ.மீ. உயரம்தான், "இது என்ன பெரிய உயரம்" என்று நினைத்தேன். தோட்டத்திலிருந்து ஒரு தட்டைக் கல்லைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தேன், சிலந்தி அதன்மேல் உட்கார்ந்தால் அழகாக இருக்கும் என்று. ஒரு நாள் காலையில் கல்லின் ஓரத்தில் ஈரம், சிலந்தி பக்கத்திலேயே சுருண்டு கிடந்தது. சோளமாவு தூவிப் பார்த்தேன், வாசலின் தடவிப் பார்த்தேன். சின்னக் கீறலாக இருந்தால் நின்றிருக்கலாம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அது விழுந்த உயரம் ஒரு அடிகூட இல்லை.

இன்னொன்று, யாரும் இன்னும் சொல்லவில்லை: அந்தக் கம்பிவலை மூடி. சிலந்திக்குக் கால் நுனியில் பூனைக்கு இருப்பது மாதிரி நகம் இருக்கிறது. கண்ணாடியில் ஏறி மேலே போய் வலையைப் பிடித்தால் நகம் மாட்டிக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும், இழுத்து இழுத்துக் காலைக் கழற்றிக்கொண்டு விழும். அக்ரிலிக் தகடு ஒன்றை அளவுக்கு வெட்டி, சிறு துளைகள் போட்டு மூடியாக்குங்கள், பக்கச் சுவரிலும் துளை இருந்தால் காற்று நன்றாக ஓடும். துணி இலைக்கும் இதே வம்புதான், ஓரம் பிரிந்து நூல் தொங்கினால் நகம் அதில் சுற்றிக்கொள்ளும்.

ஹாரோ_ரெட்நீ | திங்கள், காலை 7:48

இரவு சரியாகத் தூங்கவில்லை. நல்ல வேளை இன்னும் மாற்றவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இது மெக்சிகோவில் கல்லும் முள்ளும் உள்ள இடத்தில்தானே வாழ்கிறது? அங்கே கல்மேல் விழாதா? காட்டில் உயிர்வாழ்கிற ஒன்று என் வரவேற்பறையில் கல்லைப் பார்த்து ஏன் சாக வேண்டும்?

சிரட்டை | திங்கள், காலை 8:20

நல்ல கேள்வி, கோபம் எதற்கு. மெக்சிகோவின் பசிபிக் கரைப் பக்கம், கொலிமா, ஹலிஸ்கோ மாதிரி மாநிலங்களில் வறண்ட புதர்க்காட்டில் இருக்கிறது. அங்கே கல் இருக்கிறது, ஆனால் அது கல்லுக்கு அடியில் இருக்கிறது, மேலே இல்லை. வேர்ச்சந்திலும் பாறையடியிலும் வளை வைத்து, வாசலில் உட்கார்ந்து வருவதைப் பிடிக்கும். வளர்ந்த பெண் அந்த வளையை விட்டு அதிகம் நகராது. செங்குத்தான கண்ணாடிச் சுவர் என்று ஒன்று அதன் உலகத்திலேயே இல்லை. சுவரையும் கல்லையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தவர்கள் நாம்.

கல் குகைக்கும் சொல்லிவிடுகிறேன். மண்மேல் அடுக்கியிருக்கிறீர்களா, தொட்டியின் தரையில் நிற்கிறதா? மண்மேல் என்றால் சிலந்தி அடியில் தோண்டும், கல் அதன்மேல் இறங்கும். கனமான எதுவும் தொட்டித் தரையைத் தொட்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கவே கூடாது. நான் இரண்டாவதைச் சொல்வேன்.

பச்சைக்கை_ஸ்டுட்கார்ட் | திங்கள், பகல் 1:05

இந்த இழையைப் படித்தால் சிலந்திக்குச் சிறை அறை கட்டச் சொல்வது மாதிரி இருக்கிறது. கல் வேண்டாம், கிளை வேண்டாம், இலை வேண்டாம், அப்புறம் என்ன, நாலு சுவரும் மண்ணுமா? என்னுடைய தொட்டிகளில் செடி இருக்கிறது, பாசி இருக்கிறது, சருகு இருக்கிறது, மண்ணில் ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் பூஞ்சணத்தைத் தின்றுகொண்டு சுற்றுகின்றன. ஏழு வருடமாக ஒன்றும் சாகவில்லை. உயிருள்ள செடி பிளாஸ்டிக்கை விட நூறு மடங்கு மேல்: மெத்தென்று இருக்கும், கம்பி இல்லை, பசை இல்லை. மணி பிளான்ட் ஒரு துண்டு நட்டால் போதும்.

மண்தான்_போதும் | திங்கள், பகல் 1:40

செடி நட்டால் விளக்கு வேண்டும், விளக்கு வைத்தால் சிலந்தி ஒளியும், தண்ணீர் ஊற்ற வேண்டும், ரெட்நீக்கு ஈர மண் பிடிக்காது, நுனிக்காலில் நடந்து கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். கடைசியில் அது செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் குழியில் உட்காரும். என்னிடம் 14 சிலந்திகள், ஒவ்வொன்றுக்கும் மண், ஒரு தக்கைப் பட்டை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். வேறு ஒன்றும் கிடையாது. எல்லாம் தின்கின்றன, உரிக்கின்றன.

பச்சைக்கை_ஸ்டுட்கார்ட் | திங்கள், பகல் 1:52

அப்படியென்றால் அதற்குப் பெயர் வளர்ப்பு இல்லை, அலமாரி.

ஈஸ்ட்ஹாம்_அக்கா | திங்கள், மாலை 6:15

இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள், பையன் பயந்துபோய் இருக்கிறான்.

செடி பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். நர்சரியில் வாங்கும் செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், சில மருந்து இலைமேல் மட்டும் இருக்காது, வேர்வழியே உறிஞ்சப்பட்டுச் செடி முழுக்க ஓடும், கழுவினாலும் போகாது. பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்திக்கும் ஆகாது. சிலந்தி இலையைத் தின்னாது, ஆனால் நாம் போடும் கிரிக்கெட் பூச்சி தின்னும், அந்தப் பூச்சியைச் சிலந்தி தின்னும். அதனால் தெரிந்தவர் வீட்டில் மருந்தில்லாமல் வளர்ந்த செடியிலிருந்து கிளை ஒடித்து வேர்விட வைத்து நடுங்கள். கடை மண்ணோடு அப்படியே வைக்காதீர்கள், அதில் உர உருண்டைகள் இருக்கும்.

உயிருள்ள கள்ளி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கள்ளியும் முள் கடினமாக இருந்தால் அதே கதைதான்.

பச்சைக்கை_ஸ்டுட்கார்ட் | திங்கள், மாலை 6:40

மருந்து விஷயத்தில் அக்கா சொல்வது முழுக்கச் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்புதான். மண்தான்_போதும் சொன்னதிலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: என் தொட்டிகளில் பெரும்பாலானவை ஈரம் விரும்பும் இனங்கள். ரெட்நீ தொட்டி ஒன்றுதான், அதில் செடி இரண்டு முறை பிடுங்கப்பட்டது. இப்போது அதில் காய்ந்த ஓக் சருகுதான்.

பூன்லே_பார்வையாளர் | திங்கள், இரவு 8:03

சிங்கப்பூரில் டரன்டுலா வளர்க்க அனுமதி கிடையாது. நான் இந்த இழையைப் படித்தே திருப்திப்பட்டுக்கொள்கிறேன். சண்டையை நிறுத்தாதீர்கள்.

இரண்டுபிள்ளை_அப்பா | திங்கள், இரவு 9:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் எங்கள் கர்லி ஹேர் டரன்டுலா தொட்டிக்குள் லெகோ வீடு ஒன்றை வைக்க வேண்டும் என்று அழுகிறான். வைக்கலாமா? பெரிய வாசல் வைத்துத்தான் கட்டியிருக்கிறான்.

சிரட்டை | திங்கள், இரவு 9:25

பிளாஸ்டிக் ஒன்றும் செய்யாது. உயரமாகக் கட்டாமல், ஒரு மாடியாக, பாதி மண்ணில் புதைத்து வையுங்கள், கூரையின் ஓரங்கள் கூராக இல்லையா என்று விரலால் தடவிப் பாருங்கள். சன்னல் துளை எல்லாவற்றையும் அடைத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சிலந்தி தாராளமாகப் போய்வரும் அளவு இருக்க வேண்டும், நடுவாந்தர அளவுதான் ஆபத்து. உடம்பு பாதி நுழைந்து மாட்டும்.

இதே பதில்தான் ஹாரோ தம்பியின் மண்டையோட்டுக்கும், கடைசியில் சாயத்துக்கு வந்துவிட்டோம். மீன்தொட்டிக்கு என்று விற்கும் ரெசின் பொருள்கள் தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கிடக்கச் செய்யப்பட்டவை, காய்ந்த மண்ணில் அவற்றால் தொல்லை இல்லை. ஹாலோவீனுக்கு மலிவாக விற்கும் மண்டையோடு என்றால் வேறு கதை. நகத்தால் கீறுங்கள், சாயம் உதிர்ந்தால் வேண்டாம். மோந்து பாருங்கள், ரசாயன வாடை அடித்தால் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வையுங்கள், தண்ணீர் நிறம் மாறினால் வேண்டாம். எல்லாம் தேறினாலும் கண்குழியையும் மூக்குத் துளையையும் பாருங்கள், கால் நுழைந்து வயிறு நுழையாத அளவு என்றால் உள்பக்கம் அடைத்துவிடுங்கள்.

ஹாரோ_ரெட்நீ | செவ்வாய், காலை 7:30

மண்டையோடு தண்ணீரில் ஊறுகிறது. மனைவி குளியலறையில் அதைப் பார்த்துக் கத்திவிட்டாள், அது தனிக்கதை.

பட்டியல் போட்டுவிட்டேன்: கல் வெளியே, பாலம் வெளியே, துணி இலை வெளியே, கள்ளி வெளியே. மரக்கிளை? அது பூங்காவில் பொறுக்கியது. வீட்டில் குளிராக இருக்கிறது, சூடாகும் கல் ஒன்று விற்கிறார்கள், அதையாவது வைக்கலாமா?

மண்தான்_போதும் | செவ்வாய், காலை 9:00

சூடாகும் கல் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். வெயில் சுட்டால் சிலந்தி கீழே தோண்டும், அதன் உடம்புக்குத் தெரிந்த தப்பிக்கும் வழி அதுதான். நீங்கள் சூட்டைக் கீழே வைத்தால் தப்பிக்கத் தோண்டித் தோண்டிச் சூட்டுக்குள்ளேயே போகும். வெந்து போன, காய்ந்து போன சிலந்திகளின் கதை நிறைய. நீங்கள் சட்டையோடு உட்கார முடிகிற அறை என்றால் அதற்கும் போதும்.

கிளை என்ன மரம்? பைன், சீடர் மாதிரி பிசின் வாடை வரும் மரமென்றால் தூக்கிப் போடுங்கள், அந்த மரத்தூளையும் அடிமண்ணாகப் போடக்கூடாது. வேறு மரமென்றால் மண் போகத் தேய்த்துக் கழுவி, அவன் அடுப்பில் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், காய்ந்த கட்டை பற்றிக்கொள்ளும்.

பச்சைக்கை_ஸ்டுட்கார்ட் | செவ்வாய், காலை 9:20

அவன் அடுப்புக்குள் நுழையாத கட்டை என்றால் கொதிக்கும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு உள்ளே போட்டால் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் ரெட்நீக்குக் கிளையே தேவையில்லை, இதில் மண்தான்_போதும் பக்கம்தான் நான். தக்கைப் பட்டை வாங்குங்கள், லேசு, உளுத்துப்போகாது, மேலே விழுந்தாலும் நசுக்காது.

சிரட்டை | செவ்வாய், பகல் 12:15

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் என் பெயரைப் பாருங்கள். தேங்காய் துருவிய பிறகு சிரட்டையைச் சுரண்டி, கொதிக்க வைத்து, வாசல் அளவுக்கு ஓரத்தை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். ஆனால் 12 செ.மீ. சிலந்திக்குச் சாதாரணச் சிரட்டை சின்னது, குட்டிகளுக்குத்தான் பொருந்தும். பெரியதற்கு மண் பூச்சாடியைப் படுக்கப் போட்டுப் பாதி புதைக்கலாம், உடைந்த சாடி கூடாது, ஓரம் கத்தி மாதிரி இருக்கும்.

தண்ணீர்க் கிண்ணத்தில் பஞ்சு போடாதீர்கள், சில கடைகளில் இன்னமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பஞ்சு அழுகி நாறும், அவ்வளவுதான் அதன் பயன். மூழ்கிவிடும் என்று பயம் வேண்டாம், தட்டையான கிண்ணத்தில் அது மூழ்காது.

நடுவில் ஒரு தட்டு அளவு வெற்றுத் தரை கட்டாயம் விடுங்கள். சட்டை உரிக்கும்போது மல்லாக்கப் படுக்கும், மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும், சாமான் இடித்தால் கால் கோணலாக வரும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள், அந்த நேரத்தில் உள்ளே உயிர்ப்பூச்சி எதுவும் இருக்கவும் கூடாது.

சாவகச்சேரி_லூட்டன் | புதன், மாலை 5:45

ஊரில் கூரைக்குள்ளும் பனை மரத்திலும் புலிமுகச் சிலந்தி பார்த்து ஓடியவன் நான், இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த இனத்துக்கும் இந்தக் கணக்குகள்தானா?

ஈஸ்ட்ஹாம்_அக்கா | புதன், இரவு 7:20

இல்லை, தலைகீழ். அது பொசிலோதீரியா, இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டும் உள்ள பேரினம், மரப்பொந்தில் வாழ்வது. அதற்கு உயரமான தொட்டி, நெட்டுக்குத்தாக நிறுத்திய தக்கைக் குழாய், மண் கொஞ்சம் போதும். ஒளிய இடம் இல்லாமல் வைத்தால் நம்மேல்தான் ஓடிவரும், மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசை பிடித்து இழுக்கும். முதல் சிலந்தியாக யாரும் வாங்க வேண்டாம். 2019 முதல் அந்தப் பேரினம் முழுக்க சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, காட்டில் பிடித்ததா வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

ஹாரோ தம்பிக்கு: ரெட்நீ கடிப்பதை விட வயிற்றிலுள்ள அரிக்கும் முடியைக் காலால் உதிர்த்து வீசுவதுதான் தொல்லை. பழைய சாமானை வெளியே எடுக்கும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். 2009-இல் லீட்ஸ் நகரில் ஒருவர் சிலி ரோஸ் தொட்டியின் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முகத்தில் முடியை வீசிவிட்டது, கருவிழிக்குள்ளேயே முடி ஏறியிருந்தது, லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பட்டையிலும் வலையிலும் ஒட்டியிருக்கும் முடி சிலந்தி இல்லாதபோதும் அரிக்கும்.

ஹாரோ_ரெட்நீ | ஆறு வாரம் கழித்து, சனி, காலை 10:30

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

தொட்டியை விற்கவில்லை, மண்ணை ஏற்றினேன். 27 செ.மீ. மண், மேலே சரியாக 18. உரம் சேராத மேல்மண்ணும் நார்த்தூளும் கலந்து, அழுத்தி அழுத்தி நிரப்பினேன், கிட்டத்தட்ட 55 லிட்டர் போயிற்று. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்: நிரப்பிய பிறகு தொட்டியை அசைக்கவே முடியவில்லை. மேசை கிரீச்சிட்டது. பாதி மண்ணை அள்ளி வெளியே போட்டு, தொட்டியைத் தாழ்வான அலமாரிக்கு இறக்கி, மறுபடி நிரப்பினேன். முதுகு இன்னும் வலிக்கிறது.

மூடி அக்ரிலிக். ஒரு வளைந்த தக்கைப் பட்டை, பாதி புதைத்தது, உள்ளே கை நுழையும் அளவு குழியும் நானே தோண்டிக் கொடுத்தேன். கொஞ்சம் ஓக் சருகு. மண்டையோடு எல்லாத் தேர்விலும் தேறியது, ஆனாலும் வெளியே வைத்துவிட்டேன், புத்தக அலமாரியிலிருந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் மூன்று இரவு கண்ணாடியில் ஏறியது. இரண்டு முறை விழுந்த சத்தம் கேட்டேன், மெத்தென்று ஒரு சத்தம், அப்புறம் எழுந்து நடந்துவிட்டது. நாலாம் நாள் தோண்ட ஆரம்பித்தது. தக்கைப் பட்டைக்கு அடியில் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில். கிண்ணம் சாய்ந்து நிற்கிறது, அது நிறைய மண். பட்டைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

சிரட்டை | சனி, காலை 11:02

நல்ல சிலந்தி. கிண்ணத்தைக் கழுவி எதிர் மூலைக்கு மாற்றுங்கள். அதையும் நிரப்பும்.

ஹாரோ_ரெட்நீ | ஞாயிறு, காலை 8:15

நிரப்பிவிட்டது.